கொள்ளுப்பிட்டி வளவில் மலைநாட்டுப் பூ

காலிமுகத் திடலின் கடற்காற்றை வலத்தோளிலே வாங்கிக்கொண்டு காலி வீதி வழியே தெற்கு நோக்கி நடப்பவர் சிறிது நேரத்தில் கொள்ளுப்பிட்டிக்குள் வந்துவிடுவார். வந்துவிட்டோம் என்பதை அவருக்கு முதலில் உணர்த்துவது ஒரு பூவின் பெயர். பிரதமரின் உத்தியோக வாசத்தலமாகிய அலரி மாளிகையையே குறிப்பிடுகின்றேன். அலரி என்றதும் தமிழராகிய நமக்குச் செவ்வலரியும் வெள்ளலரியுமே நினைவுக்கு வரும். ஆனால், மாளிகைக்குப் பெயர் தந்த மரம் அதுவன்று. விகாரைகளின் முற்றத்திலே வெண்பூச் சொரிந்து நிற்கும் மரத்தைச் சிங்களத்தில் ‘அரலிய’ என்பர். ஒலியொற்றுமையால் அது நம் நாவில் அலரி ஆயிற்று. நமது அகராதிகள் அம்மரத்துக்குத் தரும் பெயர் ஈழத்தலரி. வேடிக்கை யாதெனில், ஈழத்தின் பெயரைத் தாங்கிய அம்மரம் ஈழத்துக்கு உரியதே அன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து கடல் கடந்து வந்து, வந்த இடத்தில் வேரூன்றி, ஊரின் பெயரையும் பெற்றுக்கொண்டது. எல்லாப் பூவுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிட்டுவதில்லை. கிட்டாத ஒரு பூவோடு ஐந்தாண்டு காலம் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகின்றேன்.

கொள்ளுப்பிட்டியில் தோட்டமா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். வியப்பது நியாயமே. காலி வீதிக்கும் கடலோர இருப்புப்பாதைக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் இன்று நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடியும் சீமெந்துமாக எழுந்த மாடங்களே கண்ணில் படும். ஆயினும், அவற்றுக்கு நடுவே, இரண்டு பல்லுக்கு நடுவே அகப்பட்ட பாக்குத்தூள் போல, பழைய ஓட்டு வீடுகள் சில இன்னும் தப்பி நிற்கின்றன. முன்னே ஒரு சிறு வளவு, ஒரு ஜம்பு மரம், மதிலோரம் நாலு குரோட்டன் செடி. அத்தகைய வீடொன்றின் கீழ்ப்பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்து வருகின்றோம். வளவின் கிழக்குப் பக்கத்தில், காலை வெயில் தடையின்றி விழும் நிலம் பன்னிரண்டடி நீளமும் ஐந்தடி அகலமும் இருக்கும். எனது தோட்டம் என்று நான் பெருமை பேசுவது அவ்வளவுதான்.

கிளாடியோலஸ் என்னும் பூவை முதன்முதலில் நான் கூர்ந்து பார்த்தது தோட்டத்தில் அன்று. சந்தைக்கு அருகிலுள்ள ஒரு பூக்கடையில். கொழும்பிலே கலியாண மண்டபமாயினும் மரண வீடாயினும் இப்பூ இல்லாமல் அலங்காரம் நிறைவதில்லை. ஆள் இடுப்பளவு உயர்ந்த ஒரே தண்டு. அதன் ஒரு பக்கமாக, அடியிலிருந்து நுனி வரை அடுக்கடுக்காகப் பூக்கள். அடிப்பூ விரிந்திருக்கும்போது நடுப்பூ வாயைத் திறக்கும்; நுனியில் இருப்பவை பச்சை மொட்டுக்களாகவே நிற்கும். செம்மை, வெண்மை, இளஞ்சிவப்பு, மஞ்சள், ஊதா என்று நிறங்களுக்குக் கணக்கில்லை. கடைக்காரர் பதுளைப் பக்கத்துத் தமிழர். பூக்கட்டு ஒவ்வொன்றையும் வாளியில் நிமிர்த்தியே வைத்திருந்தார். ஏன் இந்தக் காவல் என்று கேட்டேன். “அய்யா, இதப் படுக்க வச்சா ராத்திரிக்குள்ள தலையத் தூக்கிக்கும். அப்புறம் நேராகாது. லொறியிலயும் நிக்க வச்சுத்தான் கொண்டாரணும்” என்றார். வளரும் நுனி புவியீர்ப்புக்கு எதிராகத் திரும்பும் என்பது கல்லூரியில் எமக்குப் பாடம். அப்பாடத்தைப் பூக்கடை வாளியில் கண்டது அன்றுதான்.

ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வீடு போனேன். அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “உதென்ன பூ தம்பி? மணமும் இல்லை, மாலை கட்டவும் ஏலாது, சாமிக்கு வைக்கவும் ஏலாது. காசைக் குடுத்து வாளையோ வாங்கினனீ?” என்றார். அவர் அறியாமலே சொன்னாராயினும் வாள் என்ற சொல் பொருத்தமானதே. இலத்தீன் மொழியில் ‘கிளாடியஸ்’ என்றால் வாள். கிளாடியோலஸ் என்றால் சிறுவாள். இலையின் வடிவைக் கண்டு வைத்த பெயர் அது.

அந்த அம்மாவின் வாயை அடைப்பதற்காகவே, ‘நானே பயிரிட்டுக் காட்டுகிறேன்’ என்று சொல்லிவிட்டேன். 2021ஆம் ஆண்டு சித்திரையில் பத்துக் கிழங்குகளை எப்படியோ தேடிப் பெற்று நட்டேன். என்னிடமிருந்த ஆங்கிலத் தோட்டநூல் வசந்தத்தில் நடுக, கோடையில் பூக்கும் என்று கூறியது. நூலை நம்பியவன் நிலத்தைப் பார்க்கவில்லை. கொழும்பிலே வசந்தம் ஏது? வைகாசி பிறந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று உப்பையும் மழையையும் வாரிக்கொண்டு வந்து வளவில் கொட்டியது. முளைத்த ஆறில் நான்கு மஞ்சளாகிச் சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தபோது கிழங்கு கபில நிறமாகி விரலுக்குள் நசிந்தது. மீதி இரண்டும் இலையோடு நின்றுவிட்டன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதிருந்ததுதான் எனக்குப் பெரிய தண்டனை.

இப்பூவின் பிறப்பிடத்தை அறிந்திருந்தால் அத்தவறு நேர்ந்திராது. கிளாடியோலஸ் இனங்களில் பெரும்பாலானவை தென்னாபிரிக்காவுக்கு உரியவை. நன்னம்பிக்கை முனையை அடுத்த நிலங்களில் அவை தாமாக வளர்கின்றன. அங்கே ஒல்லாந்தக் கொம்பனி 1652இல் குடியேற்றம் அமைத்தது. அதே கொம்பனி 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியது. ஆகவே, முனைக்கும் கொழும்புக்கும் கப்பல்கள் சென்று வந்த காலம் ஒன்று உண்டு. போல் ஹெர்மன் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1672இல் இலங்கைக்கு வரும் வழியில் முனையில் இறங்கிச் செடிகளைச் சேகரித்தார். பின்னர் ஐந்தாண்டு காலம் கொழும்பில் கொம்பனியின் வைத்தியராக இருந்து இந்நாட்டுச் செடிகளை உலர்த்தி ஒட்டினார். அவர் விட்டுச்சென்ற அந்தத் தொகுதியைக் கொண்டுதான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். முனையின் செடிகளையும் நமது செடிகளையும் ஒரே மனிதரின் கைகள் தொட்டிருக்கின்றன என்று எண்ணும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி.

முனையிலிருந்து ஐரோப்பா சென்ற கிழங்குகளை அங்குள்ளோர் கலப்பு செய்து பெருக்கினர். பெல்ஜியத்துக் கெண்ட் நகரில் லூயி வான் ஹூட் என்னும் தோட்டக்கலைஞர் 1841இல் விற்பனைக்குக் கொணர்ந்த கலப்பினமே இன்றைய பெரும்பூ வகைகளுக்கு மூதாதை எனலாம். இன்று நெதர்லாந்தின் நைமெகன் நகரில் ஜூலை மாதந்தோறும் நடைபெறும் நான்கு நாள் நடைப்பயணத்தை முடித்து வருவோருக்கு மக்கள் இப்பூவையே கையில் கொடுத்து வரவேற்கின்றனர். நடந்து களைத்தவர் கையில் வாள்!

இரண்டாண்டு கழித்து, 2023 ஏப்ரல் விடுமுறையில், கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து மலைநாட்டுப் பயணம் புறப்பட்டேன். அம்மாவும் வந்தார். நோக்கம் பூ அன்று. சீதா எலியாவில் உள்ள சீதையம்மன் கோயிலைத் தரிசிக்க வேண்டுமென்பது அவரது நெடுநாள் ஆசை. நானுஓயாவில் இறங்கியபோது காற்று முகத்தில் ஈரத்துணி போல ஒட்டிற்று. ஆறாயிரம் அடிக்கு மேலே நுவரெலியா. அங்கே சராசரி வெப்பம் 16 பாகை செல்சியசு. கொழும்பில் 27க்குக் குறைவதில்லை. இந்தப் பதினொரு பாகைக்குள்ளேதான் எனது தோல்வியின் இரகசியம் முழுவதும் அடங்கியிருந்தது.

கோயிலிலிருந்து சிறிது தூரத்தில் ஹக்கலப் பூங்கா. மலேரியாவுக்கு மருந்து தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிடுவதற்காக 1861இல் தொடங்கப்பட்ட இடம் அது. தென்னமெரிக்க மலைமரத்தை வைத்துத் தொடங்கிய தோட்டம் பின்னர் உலகத்துக் குளிர்நாட்டுப் பூக்களுக்கெல்லாம் வீடாயிற்று. அசோகவனம் இதுவே என்பது மக்கள் நம்பிக்கை. அம்மா றோசாப் பாத்திகளை விட்டுவிட்டு ஹக்கலப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு குளிரிலே சீதை எப்பிடித்தான் இருந்தாளோ” என்றார்.

நான் தேடியது பூங்காவில் அன்று, பூங்காவுக்கு வெளியே வீதியோரத்து மரக்கறித் தோட்டமொன்றில் கிடைத்தது. லீக்ஸ் பாத்திகளுக்கு ஓரமாக இரண்டு வரிசை கிளாடியோலஸ். தோட்டத்துக்காரர் முதியவர், மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் உழைப்பவர். நான் பட்ட நட்டத்தைக் கேட்டுச் சிரித்தார். “அய்யா, குளிர் நாட்டுக்காரன் பனிக்குப் பயந்து கெழங்கத் தோண்டுறான். நீங்க மழைக்குப் பயந்து தோண்டணும். கொழும்புல மழ எப்ப விடுது, அதப் பாத்து நடுங்க” என்றார். பாடநூல் ஐந்து அத்தியாயத்தில் சொல்லாததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். முப்பது கிழங்குகளைத் தெரிந்தெடுத்துத் தந்தார். அகன்று தட்டையாக இருப்பதை விட, உயரமாகக் குவிந்திருப்பதே நல்லதென்று காட்டியும் கொடுத்தார்.

கிழங்கு என்று நான் சொல்வதைச் சிலர் குமிழ் என்பர். அது பிழை. வெங்காயத்தை வெட்டினால் தோடு தோடாகப் பிரியும், அதுவே குமிழ். இதை வெட்டினால் சேனைக்கிழங்கு போல உள்ளே ஒரே திண்மையாக இருக்கும். தாவரநூலார் இதனைக் கந்தம் என்பர். இன்னொரு விசித்திரமும் உண்டு. நட்ட கிழங்கு மீண்டும் கைக்கு வருவதில்லை. செடி வளர வளரப் பழைய கிழங்கு தன்னைக் கொடுத்துக் கொடுத்துச் சுருங்கிவிடும். அதன் தலையிலேயே புதுக்கிழங்கு ஒன்று உருண்டு திரளும். இரண்டுக்கும் இடையே கடலையளவில் குஞ்சுகள் பல தோன்றும். அவை பூக்க இரண்டு மூன்று பருவம் செல்லும்.

கொழும்பிலே பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையின் முற்பாதியிலும் பெய்து ஓய்கின்றது. தையும் மாசியுமே ஆண்டில் வறண்ட மாதங்கள். இரவும் சற்றே குளிரும். எனவே, நவம்பர் இறுதியில் நட்டேன். நிலத்தை ஒன்றரை அடி கிளறி, ஆற்றுமணலும் மக்கிய சாணியெருவும் கலந்து, நீர் தங்காதபடி பாத்தியை அரையடி உயர்த்தினேன். நாலங்குல ஆழம், ஆறங்குல இடைவெளி. ஆழம் குறைந்தால் பூத்தண்டு பாரந்தாங்காமல் சாயும். பத்து நாளில் முளை எழுந்தது. மூன்றாவது இலை விரியும்போதே பூத்தண்டு உள்ளே உருவாகத் தொடங்கிவிடுகின்றது. அப்போது ஒரு வாரம் தண்ணீர் தவறினாலும் பின்னர் குடங்குடமாக ஊற்றிப் பயனில்லை. இலையில் வெள்ளிக்கோடுகள் தெரிந்தால் இலைப்பேன் வந்துவிட்டதென்று பொருள். கவனியாது விட்டால் மொட்டு விரியாமலே காய்ந்துபோம். நான் வேப்பெண்ணெயும் சவர்க்கார நீரும் தெளித்துச் சமாளித்தேன்.

2024 பெப்ரவரி முதல் வாரத்தில், நட்டு எழுபதாம் நாளளவில், முதற் பூ விரிந்தது. வெளிறிய செம்மஞ்சள். முப்பதில் இருபத்தாறு முளைத்து, இருபத்திரண்டு பூத்தன. மலையிலே ஒரு தண்டில் பதினைந்து பதினாறு பூக் கண்டேன். இங்கே ஒன்பதுக்கு மேல் இல்லை. உயரமும் குறைவு. வெப்பம் செடியை அவசரப்படுத்திவிடுகின்றது. ஆயினும், மூன்று வாரம் எங்கள் ஒழுங்கையால் போனவர் ஒவ்வொருவரும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்காமல் போகவில்லை. எதிர்வீட்டுச் சிங்கள அம்மையார் வெசாக் வரைக்கும் நிற்குமா என்று கேட்டார். நிற்காது என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

வெட்டுவதிலே ஒரு நீதி உண்டு. அடிப்பூ ஒன்றோ இரண்டோ நிறம் காட்டியவுடன், அதிகாலையில், தண்டைச் சாய்வாக வெட்ட வேண்டும். மற்றவை சாடியிலே ஒவ்வொன்றாய் விரியும். ஆனால், நாலு இலையையாவது செடியில் விட்டே வெட்ட வேண்டும். அந்த நாலு இலைதான் அடுத்த ஆண்டுக் கிழங்குக்குச் சோறு ஊட்டுவது. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், ஆசைப்பட்டு, அடியோடு ஐந்து தண்டை வெட்டிக்கொண்டு போனார். சாடியில் நீளமாக நின்று மிக அழகாக இருந்தனவாம். அந்த ஐந்து இடத்திலும் நான் பின்னர் தோண்டி எடுத்த கிழங்கு பாக்களவே இருந்தது.

கொழும்பு வெக்கையில் சாடிப்பூ ஐந்தாறு நாள் தாங்கும். நாள்தோறும் நீரை மாற்றித் தண்டின் அடியில் அரை அங்குலம் நறுக்கி, வாடிய அடிப்பூக்களைக் கிள்ளிவிட வேண்டும். அம்மா இதைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டார். கிள்ளியவற்றைக் குப்பையில் போடாமல் ஜம்பு மரத்தடியில் போட்டார். மணமில்லாத பூ சாமிக்கு ஆகாது என்ற தீர்ப்பை மட்டும் அவர் மாற்றவில்லை. சாமியறைக்கு மதிலோரத்துச் செவ்வரத்தைதான்.

சித்திரை நடுவில் இலை மஞ்சளானதும், மழைக்கு முந்தித் தோண்டினேன். மூன்று வாரம் நிழலில் உலர்த்தியபின் பழைய கிழங்கை விரலால் திருகினால் கழன்று விழுந்தது. இனி எங்கே வைப்பது? பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்ற யோசனையில் நான் இருக்க, அம்மா காய்ந்த இலைகளைச் சேர்த்துப் பத்துப் பத்தாகப் பிடி கட்டி, பின் விறாந்தையில் கம்பியில் தூக்கிவிட்டார். வலிகாமத்தில் விதை வெங்காயம் அப்படித்தான் அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும். காற்று நாலு பக்கமும் போய்வரும், எலி எட்டாது. எங்கள் வீட்டில் கடைசியாக வெங்காயப் பிடி தொங்கியது 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி. அன்றிரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அதைக் கழற்ற எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. கம்பியில் பிடியைத் தூக்கியபின் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் கிளாடியோலஸ் வெங்காயம் அன்று. தோண்டிய கிழங்கு உறங்கும். குளிர் பட்டால் ஒழுங்காக விழிக்கும். கொழும்பிலே அந்தக் குளிர் ஏது? ஆவணியில் பிடிகளை அவிழ்த்து, கடதாசிப் பைகளில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில் பத்து வாரம் வைத்தேன். கத்தரிக்காய்க்கு இடமில்லை என்று வீட்டில் முறைப்பாடு எழுந்தது. மலைநாட்டைப் பெட்டிக்குள் கொண்டுவரும் இந்தத் தந்திரம் ஓரளவே பலித்தது. 2025 மாசியில் பதினெட்டுத் தண்டு. ஒவ்வொன்றிலும் ஏழு பூ. ஆண்டுக்காண்டு இறங்குமுகந்தான். மூன்றாண்டுக்கொருமுறை மலைக்குப் போய்ப் புதுக்கிழங்கு வாங்காமல் இப்பூவைக் கொள்ளுப்பிட்டியில் நிலைக்கச் செய்ய முடியாதென்பது என் முடிபு. ஈழத்தலரிக்குக் கிடைத்த குடியுரிமை இதற்குக் கிடைக்காது. ஆண்டு முழுவதும் தானாகப் பூக்க ஒன்று வேண்டுமென்போர் கல்வாழையை வைக்கலாம். மணம் வேண்டுமென்போர் நிலச்சம்பங்கியை வைக்கலாம். இரண்டும் நம் வெக்கைக்கு அஞ்சா.

இவ்வளவும் எழுதத் தூண்டியது வேறொன்று. வீட்டுக்காரர் சென்ற ஆவணியில் வந்து, நிலத்தை விற்றுவிட்டதாகவும் தை முடிவோடு வீட்டை விட வேண்டுமென்றும் சொன்னார். மரியாதையாகவே சொன்னார், இந்த ஒழுங்கையில் கடைசியாக எஞ்சிய ஓட்டு வீடுகளுள் இதுவும் ஒன்று. வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் ஒரு வீடு பார்த்திருக்கின்றோம். கிழக்கே ஒரு சிறு பல்கணி உண்டு. நவம்பரில் நட்டால் பூ மாசியில். வீடு விடுவதோ தையில். இந்த ஆண்டு நடாமல் விடுவோமா என்று கேட்டேன். அம்மா ஜம்பு மரத்தைப் பார்த்தார். “மரத்தைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது தம்பி. இது கிழங்குதானே. வாளியிலை நடு” என்றார்.

பெயின்ற் வாளிகள் ஒன்பதை வாங்கி, அடியில் துளையிட்டு, வாளிக்கு இரண்டாகப் பதினெட்டுக் கிழங்கை நட்டோம். பதினாறு முளைத்திருக்கின்றன; மூன்றாவது இலை விரிந்து வருகின்றது. சாமான் ஏற்றப் பேசிவைத்த லொறிக்காரர் நேற்று வீட்டைப் பார்க்க வந்தபோது, அலுமாரியையும் கட்டிலையும் பற்றி நான் பேசுமுன், அம்மா அவரை வளவுக்கு அழைத்துச்சென்று வாளிகளைக் காட்டினார். அவற்றைப் படுக்கவைத்து ஏற்றக்கூடாது, நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார்.